தூக்குச்சட்டியில் காது

ராமாத்தாள் சாக்குப்பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து, காப்பீட்டு ஆணையரின் மேசைமேல் வைத்துத் திறந்தாள். உப்புக்குள் ஒரு மாட்டுக் காது கிடந்தது. அதில் காப்பீட்டு எண் பொறித்த மஞ்சள் வில்லை தொங்கியது.

ஆணையர் மூக்கைப் பொத்திக்கொண்டு, செத்த மாட்டுக்கு இழப்பீடு தர மறுத்த காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரியைப் பார்த்தார்.

"முதல்ல வில்லைய மட்டும் கொண்டுவந்தாங்க சார். அது எந்த மாட்டோடதுன்னு எப்படி நம்புறது? காதோட வேணும்னு சொன்னோம்," என்றார் அதிகாரி.

"பொதைச்ச மாட்டத் தோண்டி அறுத்துட்டு வந்தனுங்க," என்றாள் ராமாத்தாள்.

"அப்புறம் என்னய்யா? அதான் காது வந்தாச்சில்ல?" என்றார் ஆணையர் அதிகாரியிடம்.

"காதுதான் சார் வந்திருக்கு. காது போனா மாடு செத்துடாதே. உயிரோட இருக்கிற மாட்டுலருந்துகூட அறுக்கலாம்."

ஆணையர் பேனாவை எறிந்தார். அது உருண்டுபோய்ச் சட்டியில் முட்டி நின்றது. போன வாரம் இதே ஆள்தான், கடை எரிந்துபோன ஒருவரிடம், அது அவர் கடைச் சாம்பல்தானா என்று கேட்டார்.

"இன்னும் என்னதான்யா வேணும் உனக்கு? மாடே வந்து, நான் செத்துட்டேன்னு சொல்லணுமா?"

அதிகாரி நிஜமாகவே யோசித்தார். "இன்னொரு காதும் இருந்தா ஒத்துப் பாக்கலாம் சார்."

ஆணையர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ராமாத்தாள் உட்கார்ந்தபடியே இரண்டாவது தூக்குச்சட்டியை எடுத்து முதலாவதன் பக்கத்தில் வைத்தாள்.

"கேப்பாருன்னு தெரியுமுங்க."

அதிகாரி ஆவலோடு குனிந்து மூடியைத் திறந்தார். ஆணையர் அவள் காலடியிலிருந்த சாக்குப்பையைப் பார்த்தார். அது இன்னும் புடைத்துக்கொண்டுதான் இருந்தது.