பின்சக்கர நட்டு

"மிதிங்கப்பா! இன்னும் நல்லா அழுத்தி மிதிங்க!"

பெட்டியை வாசலில் இறக்கி வைப்பதற்குள் அக்காவை வரவேற்றது ஷெட்டிலிருந்து வந்த இந்தச் சத்தம்தான்.

எட்டிப் பார்த்தாள். உள்ளே நின்ற வண்டிக்குக் கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. நாலு குழாயும் ஒரு ஸ்டியரிங்கும் இருந்ததால் அதைக் கார் என்று நம்ப வேண்டியிருந்தது. அதற்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கால் விளங்காமல் போன மனுஷன், அந்தக் காலாலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

பின்னால் தம்பி. ஸ்பேனரில் ஒரு நீள இரும்புக் குழாயைச் சொருகி, சக்கரம் மாட்டுகிற ஹப்பின் நட்டைத் தொங்கித் தொங்கி முறுக்கினான்.

அக்காவுக்கு வந்ததே கோபம்!

"டேய், உனக்கு ஈவு இரக்கம் இருக்கா? பெத்த அப்பாவை வச்சு வேலை வாங்கறியே!"

"வாக்கா. பிரேக்கைப் பிடிச்சாத்தான் ஹப் அசையாம நிக்கும். இல்லேன்னா நட்டோட சேர்ந்து அதுவும் சுத்தும்."

"சுத்தட்டும்! உன் தலையும் சேர்ந்து சுத்தட்டும்!"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேச்சை விட்டுட்டு வேலையைப் பாருடா" என்றார்.

வேலை போனதிலிருந்து தம்பி வீட்டோடுதான். பகலெல்லாம் போர்வைக்குள் கிடந்தான். கைநிறையச் சம்பாதித்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய கார், பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்களாய் ஷெட்டில் தூங்கியது. நாமே கோத்துக்கொள்ள வேண்டிய கார். அந்தப் பெட்டிகளை அவன் பிரித்தது அப்பா படுக்கையில் விழுந்த பிறகு. 'அப்பா கிடக்கிற கிடப்புல இவனுக்குக் கார் கேக்குது' என்று அக்கா தன் புருஷனிடம் புலம்பித் தீர்த்திருக்கிறாள்.

அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டு, மிச்சக் கோபத்தோடு திரும்பி வந்தாள்.

"போன தடவை வந்தப்பவும் இதே ஹப். இப்பவும் இதே ஹப். அவனவன் இதுக்குள்ள வீடே கட்டிக் குடி போயிடறான்!"

தம்பி ஷெட் கதவைச் சாத்தினான்.

"கத்தாதேக்கா. இங்க குனிஞ்சு பாரு."

பிரேக் பெடலுக்குப் பின்னால் தடியாக ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். அங்கிருந்து சக்கரத்துக்கு எதுவுமே போகவில்லை.

"பிரேக்கே இன்னும் மாட்டல. ஹப்பை நிஜமாப் பிடிச்சிட்டிருக்கறது இதோ, இந்தக் கம்பி." ஹப்பின் குறுக்கே மாட்டித் தரையில் முட்டுக் கொடுத்திருந்த கம்பியைக் காட்டினான்.

"அப்போ அப்பா மிதிக்கிறது?"

"காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரை விரட்டி விட்டுட்டாரு. 'காத்துல காலை ஆட்ட நான் என்ன கைக்குழந்தையா'ன்னு கேட்டுட்டாரு. இப்படியே விட்டா கால் எழும்பவே எழும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ஒரு வேலைன்னு கூப்பிட்டா அப்பா மாட்டேன்னு சொல்லுவாரா? அப்பப்போ ஸ்பிரிங்கை மட்டும் இன்னும் கெட்டியா மாத்திடறேன்."

வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"அதுக்காகத்தான் நட்டைக் கழட்டிக் கழட்டி மாட்டறியா?"

"அதுதான்க்கா வேடிக்கை! நான் கழட்டறதே இல்ல. இறுக்கிட்டுத்தான் போறேன். காலையில வந்து பார்த்தா லூசாயிருக்கு. பேரிங்கை மாத்திப் பார்த்துட்டேன். காரை அனுப்பினவங்ககிட்டயே கேட்டுட்டேன். அவ்வளவு இறுக்கின நட்டு தானா கழலவே கழலாதுங்கறாங்க."

"அப்புறம் எப்படிடா?"

"யாருக்குத் தெரியும்? பேய் வந்து கழட்டினாலும் எனக்கு லாபம்தான். மறுநாள் அப்பாவைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்குதே!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

தானாகக் கழலும் நட்டு அக்காவின் மண்டையைக் குடைந்தது. விடிந்தும் விடியாமலும் எழுந்து, அடிமேல் அடி வைத்து ஷெட்டுக்குப் போனாள். கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே அப்பா.

ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஸ்பேனரில் சொருகிய குழாயின் நுனியில் வலது காலை வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கிறீச்சென்று நட்டு இளகியது.

"அப்பா! நீங்க நடக்கறீங்களா?"

"ஷ்ஷ்! அவன் முழிச்சுக்கப் போறான்." குழாயை உருவி, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

"அந்தப் பெடல்ல வெறும் ஸ்பிரிங்தான்னு..."

"முதல் மிதியிலேயே தெரிஞ்சு போச்சு. காலமெல்லாம் பஸ் ஓட்டினவனுக்கே பிரேக் காட்டறான், படவா."

"அப்புறம் எதுக்குப்பா இந்த நாடகம்? சரியாயிடுச்சுன்னு சொன்னா அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான்!"

"படுவான். சந்தோஷமா ஹப்பையும் மாட்டி முடிச்சிடுவான். அப்புறம்? மறுபடியும் போர்வையை இழுத்துப் போர்த்திக்குவான். அவன் காலையில எழுந்திரிக்கிறதே எனக்காகத்தான்மா."

வீட்டுக்குள் தம்பியின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பா சட்டென்று மகளின் தோளைப் பற்றிக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். நடந்தபடியே அவள் காதோடு சொன்னார்.

"எனக்குக் குணமாகி ரொம்ப நாளாச்சு. அவனுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."