கடைசிக் கட்டை

ராஜ்குமார் எழுந்து பல் துலக்கினான், பால் காய்ச்சினான், சிந்தசைசரை ஆன் செய்து கடைசிக் கட்டையை அழுத்தினான். இடி இடித்தது.

நேற்றுக் கச்சேரிக்கு அதை இரவல் வாங்கிப்போய் இரவே திருப்பித் தந்த ஃபாஜில், ராஜ்குமாரின் ராக் குழுவுக்குப் புதியவன். அவனைப் போனில் பிடித்தான்.

"அந்தக் கட்டையில இருந்த சவுண்ட் எங்கடா?"

"அழிச்சிட்டேன்ணே. எவளோ குறுக்க பேசிக் கெடுத்த ரெக்கார்டிங்தானே? இடி போட்டேன், தஞ்சாவூரே ஆடிருச்சு!"

"எவளோவா? என் பொண்டாட்டிடா!"

"இதுக்குப் போய் ஏண்ணே கத்துறீங்க? அண்ணியை இன்னொரு தடவை பேசச் சொன்னா ஆச்சு."

"அதைப் பேசிட்டு வயலுக்குப் போனவ, மோட்டார் கொட்டகையில கரண்ட் அடிச்சுச் செத்துட்டாடா, நாயே!"

ராஜ்குமார் போனைச் சுவரில் எறிந்தான். அன்று ரெக்கார்டிங் நடுவே கதவைத் திறந்து வானதி சொன்னது இவ்வளவுதான்:

"எழுந்திரிக்காதீங்க, நீங்க வாசிங்க. மோட்டாரை நானே போய் நிறுத்திட்டு வந்துடுறேன்."