நலமானவர் எண் 27

திரையில் சிவப்புப் புள்ளிகளின் நடுவே ஒரே ஒரு நீலப் புள்ளி, வேறு யாருடைய வகுப்பிலோ தூங்கி எழுந்த மாணவனைப் போல உட்கார்ந்திருந்தது.

சிவப்பு என்றால் வாய்ப் புற்றுநோயாளி. நீலம் என்றால் நலமானவர். வகைக்கு நாற்பது பேர்.

வாயில் எதுவும் பிடிபடுவதற்கு முன்பே உடம்பின் எதிர்ப்புச் சக்தி பதறத் தொடங்கிவிடும். அந்தப் பதற்றத்தை ரத்தத்தில் அளந்துவிடலாம் என்பதுதான் எங்கள் ஆய்வு.

அளந்தோம். நலமானவர்களில் இருபத்தேழாம் எண் பதறிக்கொண்டிருந்தார்.

மெஷினில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் பதறினார்.

திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். என் வழிகாட்டியான பேராசிரியர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டில் எது அதிக மோசம் என்று யோசித்திருப்பார்.

“மெஷினுக்குத்தான்டா கேன்சர். அந்த ஆளத் தூக்கிடு. ஒரு புள்ளிக்காகப் பட்டத்தக் கோட்டை விடப் போறியா?”

சத்தம் போடவில்லை. ஒன்றரை மாதமாகவே அவர் திட்டுவது பாதியாகக் குறைந்திருந்தது. கடைவாய்ப் பல் நாக்கில் உரசுகிறதாம். அந்தப் பல்லுக்கு நாங்கள் ரகசியமாக நன்றி சொல்லியிருந்தோம்.

“சார், அவருக்கு நெஜமாவே இருந்துச்சுன்னா? இப்பவே காட்டினா பொழச்சுக்குவாரு.”

“யாருடா அவரு?”

சொல்லக் கூடாது. எண்ணுக்குரிய பெயர் ரத்தம் எடுத்த எனக்கு மட்டும்தான் தெரியலாம். வழிகாட்டிக்குத் தெரியக் கூடாது. அவரே போட்ட விதி. அவர் தலைக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்தது.

உண்மையில் நலமானவர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். நலமானவர்கள் ஊசியைக் கண்டதும் காணாமல் போவார்கள். ஒரு கட்டத்தில் ஆள் குறைந்ததால் ஆய்வுக்கூடத்திலேயே சிலர் சட்டைக் கையை மடித்துவிட்டோம். குழாய் கழுவும் அக்கா உட்பட.

நீக்கல் படிவத்தை மேஜையில் வைத்தேன்.

காரணம் என்ற கட்டத்தில் ‘மாதிரி கெட்டுவிட்டது’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வழிகாட்டி என்ற இடத்தில், தன் பெயரில் பாதியை விழுங்கிவிடும் அந்தக் கையெழுத்தைப் போட்டார். எச்சில் விழுங்கும்போது முகம் சுளித்தார்.

அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது: ரத்தம் கொடுத்தவர் கையெழுத்து.

“இத நீயே போய் வாங்கிக்கோ” என்று பேனாவை மூடினார்.

நான் எங்கும் போகவில்லை.

படிவத்தை மறுபடி அவர் பக்கமே தள்ளி, பேனாவைத் திறந்து நீட்டினேன்.