தாடிக்கார அரசரின் வெள்ளி

“புதுக்காசு வேண்டாம் ஹெர்மியாஸ். பழைய வெள்ளி ஒண்ணு கொடு. தாடிக்கார அரசர் தலை போட்டது.”

அப்ரோனியா தன் காதிலிருந்த பொன் தோட்டைக் கழற்றி, நாணயம் மாற்றும் மேஜைமேல் வைத்தாள். ரோமுக்குப் பக்கத்து ஒஸ்தியா துறைமுகத்தில் அப்போதுதான் கடைகள் திறந்துகொண்டிருந்தன. முந்தின நாள் அவள் கணவர் கால்வினஸ் இறந்துபோயிருந்தார். பொழுது சாய்வதற்குள் உடல் சிதைக்குப் போக வேண்டும். அதற்குமுன் வாயில் ஒரு காசு வைக்க வேண்டும், ஆவியை அக்கரை சேர்க்கும் ஓடக்காரனுக்குக் கூலியாக.

“அதுக்குச் செம்புக்காசு போதுமே அக்கா. ஊரே அதைத்தானே வைக்குது.”

“ஊர் வைக்கட்டும். இவர் வாய்விட்டுக் கேட்டிருக்கார். ‘நான் போறப்போ இந்த வெள்ளிதான் என்கூட வரணும்’னு கையில வெச்சுக்கிட்டுச் சொல்வார்.”

“அப்போ அதையே வைக்க வேண்டியதுதானே? உங்க கல்யாணக் காசு எங்கே?”

மணமேடையில் பெண் மாப்பிள்ளை கையில் ஒரு செம்புக்காசு கொடுப்பது ரோமானிய வழக்கம். அப்ரோனியாவின் அப்பா வீம்புக்காரர். தாடிக்கார அரசர் தலை போட்ட தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசையே கொடுத்து அனுப்பினார். அதைப் பற்றிக் கால்வினஸ் பேசாத நாளில்லை.

“அந்தக் காலமே வேறக்கா” என்றான் ஹெர்மியாஸ். “ஒரு பொன்னுக்கு இருபத்தஞ்சு வெள்ளி, ஒரு வெள்ளிக்கு நாலு பித்தளை. கண்ணை மூடிக்கிட்டு மாத்திக் கொடுப்போம். இப்போ வர்ற காசுல அரசர் தலையில கிரீடம்தான் பெருசா இருக்கு. கட்டைவிரலால தேச்சா செம்பு பல்லைக் காட்டுது.”

அவன் கால்வினஸிடம் தொழில் கற்றவன். பளிங்குக் கல்லில் காசைப் போட்டு, சத்தத்தைக் கேட்டே நல்லது கெட்டது சொல்வதில் கால்வினஸை மிஞ்ச அந்தத் துறைமுகத்தில் ஆளில்லை.

அப்ரோனியா குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த வெள்ளியை நான் வித்துட்டேன் தம்பி. அவர் காய்ச்சல்ல கிடந்தாரே அந்தக் குளிர்காலத்துல. வைத்தியருக்குக் கொடுக்க வேற வழியில்ல. வெள்ளி பூசின செம்புக்காசு ஒண்ணை வாங்கி அதே பையில போட்டு வெச்சேன்.”

“அண்ணன்கிட்டயா? ஒரே சத்தத்துல கண்டுபிடிச்சிருப்பாரே!”

“நானும் அதான் பயந்தேன். எழுந்து உக்காந்ததும் முதல் வேலையா அதை எடுத்து மேஜைமேல போட்டார். எனக்கு உசுரே இல்ல. அவர் காதைத் தேச்சுக்கிட்டு, ‘ஒண்ணும் சரியாக் கேக்கலையே’ன்னார். காய்ச்சல் போறப்போ காதையும் கொண்டுபோயிருச்சு. எனக்கு அழுகை ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம்.”

ஹெர்மியாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அப்புறம் தினமும் சாயங்காலம் அதைத் தட்டிப் பார்ப்பார். ‘கேட்டியா அப்ரோனியா, இதுதான் வெள்ளி’ம்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு, ‘செம்புங்க அது, என்னை மன்னிச்சிருங்க’ன்னு மெதுவாச் சொல்வேன். ‘என்ன சொன்னே?’ம்பார். ‘சாப்பிட வாங்கன்னேன்’னு கத்துவேன். சிரிச்சுக்கிட்டே வந்து உக்காருவார். பத்து வருஷம் அந்த மனுஷனை ஏமாத்தியிருக்கேன். கடைசிக் காசாவது நல்லதா இருக்கட்டும்.”

ஹெர்மியாஸ் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்துவந்து பளிங்கில் போட்டான். கணீரென்றது.

“இதே சத்தம்தான்” என்று அவள் அழுதாள்.

அவன் தோட்டை அவள் பக்கமே தள்ளிவைத்தான்.

“இதைப் பொறுக்கி எடுத்ததே அண்ணன்தான் அக்கா. போன சந்தையன்னிக்கு. அந்தத் திரைக்குப் பின்னால உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, சத்தத்தை வெச்சே. ஒவ்வொரு சந்தைக்கும் வருவார். வீட்டுல மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். ஏன்னு இன்னிக்குத்தான் புரியுது.”

“குளிக்கப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போவார்” என்றாள் அப்ரோனியா. அந்தத் திரையை விலக்கி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, வெள்ளியை அவனிடமே நகர்த்தினாள்.

“செம்பே போகட்டும் தம்பி. அவர் தெரிஞ்சே கேட்டது அதைத்தான். ஓடக்காரன் செல்லாதுன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான், இவருக்குத்தான் காது கேக்காதே.”