தாட்சாக்கா மேல் ஒரு புகார்

“உன் போனை எவனோ ஹேக் பண்ணிக்கிறான்டி. வயித்தெரிச்சல் புடிச்ச நாயி,” என்று சொல்லி, ஹர்ஷினி தன் தட்டில் இருந்த வடையையும் எடுத்துத் தாட்சாயணியின் தட்டில் வைத்தாள்.

தாட்சாயணிக்கு வடை இறங்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? போன வாரம்வரை ‘அக்கா, அக்கா’ என்று சுற்றிச் சுற்றி வந்த கூட்டம் இன்று அவளைப் பொய்க்காரி என்கிறது, திருடி என்கிறது. எழுதக் கூசுவதையெல்லாம் குரல்பதிவாகவே பேசி அனுப்புகிறது.

எல்லாம் ஒரு விளையாட்டுக்காக. ‘ஏழுகோட்டை’ என்று புதிதாக வந்த ஆன்லைன் கேம். அதை நடத்தும் திருப்பதிக் கம்பெனியில் ஹர்ஷினிக்கு வேலை. கேம் ஆடும் தமிழ்க்காரர்களின் குரூப்புக்கு மாடரேட்டர் தாட்சாயணி. சம்பளம் கிடையாது. பாகாலாவில் வீட்டில் இருந்தபடியே சண்டை விலக்குவாள், கெட்ட வார்த்தையை அழிப்பாள், வரும் புகார்களைப் படித்து உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வாள்.

தாட்சாக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெயர். அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் சம்பாதித்தது.

சித்தூரில் ஜெபகுமார் என்று ஒருவர். தாட்சாக்காவுக்கு வணக்கம் போடாமல் கேமைத் திறக்கவே மாட்டார். அவர் இன்று, ‘உன்னைப் போய் நம்பினேனேம்மா’ என்று மட்டும் எழுதியிருந்தார். மற்றவர்களின் வசவைவிட அதுதான் அவளைச் சுட்டது.

புது அப்டேட் வந்த அன்று பாதிப் பேருடைய கோட்டைகள் காணாமல் போயின. சோறு தண்ணீர் பார்க்காமல் கட்டிய கோட்டைகள். விடுவார்களா? கொதித்துப் போனார்கள்.

அன்றைக்கே ஹர்ஷினி போனில் அழுதாள். அழிந்தது அழிந்ததுதான், திரும்பி வராதாம். ஆனால் மேலதிகாரி, கூட்டத்தை அடக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றாராம். ‘வரும்னு ஒரு வார்த்தை சொல்லிவைடி, நீ சொன்னாத்தான் கேப்பாங்கோ’ என்று கெஞ்சினாள்.

நாகலாபுரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தாட்சாயணி தன் பெயரைப் போட்டே எழுதினாள்: ‘கோட்டைகள் திரும்பி வரும். நான் பொறுப்பு.’

இன்று காலை அது நாறிவிட்டது.

‘கருப்புப் பூனை’ என்று ஒரு புது ஐடி அவள் மேல் புகார் போட்டது. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப்பில் அவள் ஹர்ஷினிக்கு எழுதிய ஒரே ஒரு வரி: ‘வராதுன்னு தெரிஞ்சும் வரும்னு சொல்லிக்கினு இருக்கேன்.’ மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தது. யாருக்காக அந்தப் பொய் என்பது படத்தில் இல்லை. அப்படி வாக்குக் கொடுக்க நாங்கள் யாரையும் கேட்கவில்லை என்று கம்பெனியும் கையைக் கழுவிக்கொண்டது.

தாட்சாயணி அடுத்த ரயிலைப் பிடித்துத் திருப்பதிக்கு வந்து, ஹர்ஷினியை இந்த ஓட்டலுக்கு வரவழைத்தாள்.

“நீதான் சொல்லச் சொன்னேன்னு ஒரு வார்த்தை எழுதுடி. அது போதும் எனக்கு.”

“எழுதினா என் வேலை போயிடும்டி. இதுக்குப் போய் இம்மாம் பயப்படறியே! அந்தப் புகாரையே அழிச்சிடு. பவர் உன் கையிலதானே கீது?”

வாஸ்தவம்தான். புது கேம், யாரும் இதையெல்லாம் யோசித்து வைக்கவில்லை. மாடரேட்டர் மேல் வந்த புகாரும் தீர்ப்புக்கு மாடரேட்டரிடமே வந்து நின்றது.

அழிக்கத்தான் போனாள். விரலை வைக்கும் முன்னால் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

அவள் எழுதிய வரி படத்தில் இடது பக்கம் இருந்தது, வெள்ளைக் கட்டத்துக்குள்.

தன் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அதே வரி அங்கே வலது பக்கம், பச்சைக் கட்டத்துக்குள் இருந்தது. அவள் எழுதுவது எல்லாம் அவள் போனில் அப்படித்தான் இருக்கும். இடது பக்கம் வெள்ளையாக இருப்பது, வாங்கியவள் போனில்.

ஹேக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடிப்பாவி! ஊரே காறித் துப்பியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. கம்பெனி மேல் இருந்த கோபத்தைத் திருப்பிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இவளுக்கு வேறு தலையே கிடைக்கவில்லையா?

சர்வர் வந்து, “டீ காவாலா, அம்மா?” என்றார். ஹர்ஷினி இரண்டு விரலைக் காட்டிவிட்டு, தாட்சாயணியின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

“அழிச்சிட்டியா?”

அழித்தால் நாளைக்கு அதற்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். இப்போது அதுவும் புரிந்தது.

‘உண்மை’ என்று தீர்ப்புக் கொடுத்தால் மாடரேட்டர் வேலை அந்த நொடியே போய்விடும். புகார் கொடுத்தவருக்கு அந்த நொடியே நன்றிச் செய்தியும் போகும். தாட்சாயணி இதுவரை எத்தனையோ பேருக்கு அப்படி அனுப்பியிருக்கிறாள்.

சொன்னது பொய்தானே? அவள் ‘உண்மை’யைத் தட்டினாள்.

ஹர்ஷினியின் போன் ‘டிங்’ என்றது.

ஹர்ஷினி சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“எதுக்குடி கவுக்கற? எடுத்துப் பாரு,” என்றாள் தாட்சாயணி. “உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லிக்கினு இருக்காங்கோ.”