சத்தம் குறைவாய் ஒன்று

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரச் சந்தையில், ஒரு தகரக் கடைக்குள் வெயில் சாய்வாக விழுகிறது. வீட்டு கராஜுக்கு ஏற்ற சின்ன ஏர் கம்ப்ரசர் ஒன்றை மேசைமேல் வைத்து ஓட விடுகிறான் கடைக்காரன் ராக்கத். தூங்கும் பூனையின் குறட்டை போல ஒரு முனகல், அவ்வளவுதான். எதிர்க்கடையில் யாரோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைப்பதுகூடக் கேட்கிறது. வாங்க வந்த சூயுன்பெக் குனிந்து, பெயிண்ட் கறை போகாத விரல்களால் அதன் ரப்பர் கால்களைத் தடவிக்கொண்டே இருக்கிறார். "கேட்டீங்களா அண்ணே? இது ஓடறப்போ பக்கத்து வீட்ல ஒப்பாரி வெச்சாக்கூட உங்க காதுல விழும்!" என்று சிரிக்கிறான் ராக்கத். அவருடைய காது மடல் சிவக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அசன்கதிர் இறந்த அன்று, அந்த முற்றத்தில் துக்கக் கூடாரம் எழும்பி, உள்ளே பெண்கள் பாடி அழ, ஆண்கள் தெருவிலிருந்தே கதறிக்கொண்டு வர, இவர் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய கம்ப்ரசர் அலற அலற, அழுகை எதுவும் காதில் விழாமல், பொழுது சாயும்வரை காருக்குப் பெயிண்ட் அடித்தார். "பழசுக்கு என்னாச்சு? பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்களா?" காற்று நிரம்பியதும் இயந்திரம் தானாக நிற்கிறது. சூயுன்பெக் நிமிரவில்லை. "இல்லப்பா. ஒரு வார்த்தை சொல்லல. சாயங்காலம் கதவைத் தட்டி, துக்கத்துக்கு வந்தவங்களுக்குக் குடுக்கற குதிரைக்கறியில என் பங்கையும் குடுத்துட்டுப் போனாங்க."