மங்காத நோவா

"நோவா இன்னைக்கு எப்படிங்க இருக்கு?" பவளம் கேட்டாள்.

திடீரென வெடித்துப் பிரகாசித்த அந்த நட்சத்திரத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அதன் பிரகாசத்தைக் கொழும்பு வானியல் சங்கத்துக்குச் சொல்வதில் லொறி டிரைவரான அவள் கணவன் செல்லமுத்துவுக்குத் தனிப் பெருமை.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று இருட்டில் அண்ணாந்தான். "நேத்து மாதிரியே. பளிச்சுன்னு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எத்தனை தடவ பாக்குறது?" எரிந்து விழுந்தான். "விடியுறதுக்கு முன்னாடி ஸ்கூல் புள்ளைகள ஏத்திக்கிட்டு கரவனெல்லைக்குப் போகணும். தூங்க விடு!"

பவளம் அவனருகே வந்தாள். "நோவா மங்கி நாளாச்சுங்க. இப்ப வெறும் கண்ணுக்கே தெரியல."

செல்லமுத்துவின் கை சட்டைப் பையிலிருந்த சாவியைப் பற்றிக்கொண்டது.

அவள் கையை நீட்டினாள். "லொறிச் சாவியக் குடுங்க."

"தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா வேல போயிரும், பவளம்."

"குடுங்க."

கண்ணெதிரே நீண்டிருந்த அவள் கையை, சாவியோடு அவன் தடவித் தேடினான்.